ஜாடியில் குறைந்த லேகியம்

ஹாங்ஜோ
குளிர்காலம் பிறந்த மாதம்

அன்பு மகள் லிங்ஷியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஹார்பினில் பனி முழங்கால் வரை வந்துவிட்டதாமே. உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். பதில் எழுதும்போது முதல் வரியிலேயே உன் வயிறு எப்படி இருக்கிறது என்று எழுது. இளகிப் போகிறதா, காலையில் வலிக்கிறதா, எதையும் வெட்கப்படாமல் சொல். ஏன் கேட்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் கடைசிவரை படி.

எனக்கு இந்த வருடம் மாதவிலக்கு ஓய்ந்துவிட்டது. ஆனால் சும்மா ஓயவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து அனல் கிளம்பி முகமெல்லாம் சிவந்துவிடுகிறது. ஊரே பஞ்சுக் கோட்டுக்குள் நடுங்கும்போது நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். "இந்த வருஷம் கரி வாங்கவே வேணாம் போல. உன் பக்கத்துல உக்காந்தாலே போதும்" என்று உன் அப்பா கிண்டல் செய்கிறார்.

அதனால் வைத்தியர் சியூ அம்மாளிடம் போனேன். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார். உடம்பில் நீர் வற்றியதால் தீ மேலே ஏறுகிறது, கொடுப்பதை உடம்பு வாங்கிச் சேர்த்து வைப்பது இந்தக் குளிர்காலத்தில்தான் என்று சொல்லி லேகியம் எழுதிக் கொடுத்தார். கழுதைத்தோல் பசையை அரிசி மதுவில் ஊறவைத்து, எள்ளும் மூலிகைகளும் சேர்த்துக் கிளறியது. கருகருவென்று மினுமினுக்கிறது. அதைச் சாப்பிடும் நாட்களில் முள்ளங்கி கூடாது, கெட்டித் தேநீர் கூடாது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று ஜாடிக்கென்றே ஒரு கரண்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு வேளை ஒவ்வொரு கரண்டிதான் எடுக்கிறேன். ஆனால் ஜாடியோ நாலு பேர் சாப்பிடுவதுபோல் குறைந்துகொண்டே வந்தது! எலி என்றால் மூடியைத் திரும்ப மூடிவைக்குமா? வீட்டில் இருப்பது இரண்டே பேர். உன் அப்பாதான் இனிப்புக்கு ஆசைப்பட்டுத் தின்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். "பொம்பளைங்க மருந்தத் தின்னா மீசை கொட்டிடும், பாத்துக்குங்க" என்று சாப்பாட்டு மேசையில் போட்டுப் பார்த்தேன். மனிதர் குனிந்து சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டார். எதிர்த்துச் சண்டைக்கு வராததுதான் எனக்கு வேறு சந்தேகத்தைக் கிளப்பியது.

பிறகு என் பெரிய ஊசியைக் காணோம். தலையணை உறைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டைக் காணோம். உன் அப்பாவின் கட்டைவிரலில் ஒரு கட்டு. பட்டு ஆலையில் நாற்பது வருடம் இயந்திரம் பழுது பார்த்தவர், ஆனால் ஒரு சட்டைப் பொத்தான் தைத்து நான் பார்த்ததில்லை. எதையும் கிளறாமல் விடமாட்டேன் என்று நீயும் அப்பாவும் என்னைச் சொல்வீர்களே, அது உண்மைதான். எனக்குத் தூக்கமே வரவில்லை. அனலால் பாதி, ஆர்வத்தால் பாதி.

விடை தபால் நிலையத்தில் கிடைத்தது. நான் தபால்தலை வாங்கப் போனபோது கவுண்டரில் இருக்கும் மௌ சிரித்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரு பொட்டலம் தைச்ச அழகப் பாத்து இங்க எல்லாரும் சிரிச்சோம். நான்தான் பிரிச்சு மறுபடி தைச்சேன்" என்றாள். எங்கே அனுப்பினார் என்று கேட்டேன். "ஹார்பினுக்குத்தான். வேற எங்க?" என்றாள்.

உனக்கு வந்த லேகியப் பொட்டலத்தில் கடிதம் இருந்திருக்காது. நான் அனுப்பியதாகவே நினைத்திருப்பாய். நான் இல்லை, லிங்ஷியா.

இலையுதிர் காலத்தில் கரு கலைந்ததையும், கூட இருந்து கவனிக்கப் பெண்கள் யாரும் இல்லாமல் இரண்டே நாளில் நீ வேலைக்குப் போனதையும் எழுதியிருந்தாயே, அதை அன்றே அவரிடம் சொன்னேன். எழுந்து போய் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். கல்நெஞ்சக்காரர் என்று நானும் மனதுக்குள் திட்டினேன். அவருக்குப் பிடிக்காத உன் கல்யாணத்திலிருந்து அவர் வாயில் உன் பெயரும் வந்ததில்லை, மகள் என்ற சொல்லும் வந்ததில்லை; இந்த வீட்டில் நீ "அந்த ஹார்பின்காரி"தான். ஆனால் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது மட்டும் ஹார்பின் வரும்வரை நான் இருமக்கூடாது. அங்கே உள்ள குளிர் இங்கே இறங்குமா என்று பார்க்கிறாராம். நானும் நம்பினேனே!

அவரிடம் எதுவும் கேட்காமல் நேராக வைத்தியரிடம் போனேன். சியூ அம்மாள் கத்தியே விட்டார். "அது உங்க சூட்டுக்குன்னு கட்டின மருந்து. கரு கலைஞ்சு ரத்தம் போயி உடம்பு குளிர்ந்து கெடக்கற பொண்ணுக்கு அதக் குடுத்தா, நடுங்கறவ தலைல தண்ணி ஊத்தற மாதிரி. மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அந்தப் பொண்ண நான் நேர்ல பாக்கணும்" என்றார். ஆகவே உடனே நிறுத்திவிடு. அவர் உன்னைப் பார்க்கும்வரை இஞ்சி போட்ட ஆட்டுக்கறிச் சாறு குடி, தினமும் வெந்நீரில் கால் வைத்து உட்கார். பச்சைத் தண்ணீரில் துணி துவைக்காதே.

அன்று சாப்பிடும்போது, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த குச்சிகள் அப்படியே நின்றுவிட்டன. "ரொம்பக் கெடுதலா?" என்று கேட்டார். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "வயித்த வலிச்சிருக்குமோ?" என்றார். அதற்குமேல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அனல் என்று சொல்லி ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு போனவர் மதியம்தான் திரும்பினார். என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சியூ அம்மாளின் வைத்தியசாலை டோக்கன் ஒன்றை வைத்தார். "நாடியத் தபால்ல அனுப்ப முடியாதாம்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அறைக்குள் போனவர் திரும்பி வந்து, "அந்த நெட்டையனையும் கூட்டிட்டு வரச் சொல்லு. ரயில்ல மூட்டை தூக்க ஆள் வேணும்ல" என்றார். மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார்.

டோக்கனை இதோடு வைத்திருக்கிறேன். அதில் குறித்திருப்பது வருடத்திலேயே நீண்ட இரவுக்கு முந்தின நாள், காலை வேளை. லேகியத்துக்கு நாடி பார்க்கும் அந்தக் கவுண்டரில் நோயாளி யார், உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டு, வாயால் சொன்ன பிறகுதான் எழுதித் தருவார்கள். எழுதியிருப்பதை நீயே படித்துப் பார். உன் பெயர், அதற்குக் கீழே "மகள்".

உன் கை கால் சூடாக இருக்கட்டும். உன் வயிறு நிறையட்டும். வந்துவிடு, கண்ணே.

உன் அம்மா
ருயிஃபாங்