துலக்கிய துப்பாக்கி

அக்டோபர் 4, 2025

சென்னையிலிருந்து சத்யராஜ் என்பவர் வந்தார். பழைய போர்த் துப்பாக்கிகள் அசலா போலியா என்று சொல்வது அவர் தொழில். என் வீட்டுக்காரருடைய தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் துப்பாக்கியைப் பாயில் பிரித்து வைத்தார். லைசென்ஸ் வீட்டுக்காரர் பெயரில். சேகரிப்பாளர் ஒருவருக்குக் கொடுக்க இவருடைய அண்ணன், என் மூத்தார் சிவராஜும் சம்மதித்திருந்தார்.

“எல்லா பாகத்துலயும் ஒரே நம்பர் இருக்குதுமா. ஆனா குண்டை உள்ள தள்ளிப் பூட்டுற இந்த போல்ட்ல இருக்கிறது தொழிற்சாலையில அடிச்சது இல்ல, யாரோ வெட்டினது. வேற போல்ட்டைப் போட்டு நம்பரைச் சேர்த்திருக்காங்க.”

மூத்தார் இவரைப் பார்த்தார். “தாத்தா போல்ட்டை எவனுக்குடா தூக்கிக் குடுத்த?”

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 5

வெட்டச் சொன்னது நான்தான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கோடு அதையும் புளி, செங்கல் பொடி போட்டுத் துலக்கினேன். சாமி முன்னால் அழுக்காக எப்படி வைப்பது? கறுப்புப் பூச்சு போயிற்று. கழுகு முத்திரை போயிற்று. போல்ட்டின் எண்ணும் மங்கியது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எண் தெரியவில்லை என்று இவரை அலையவைப்பார்களோ என்று பயம். ஏழு வருஷம் முன்பு, தெருவில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட வந்தவரிடம் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். என் நோட்டில் குறித்து வைத்திருந்த எண்ணையே வெட்டினார். இவர் அன்று ஊரில் இல்லை. பிறகு சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

அக்டோபர் 9

போனில் படித்தேன். துப்பாக்கி எண்ணில் கைவைப்பது குற்றமாம், ஜெயிலாம். சொன்னால் அது. சொல்லாவிட்டால் இவர் திருடர்.

இன்னொன்றும் படித்தேன். அடித்த எண் இரும்பை உள்ளே அழுத்தியிருக்கும். மேலே தேய்ந்தாலும் தடம் அடியில் இருக்குமாம். அப்படியானால் அசல் என்று காட்டலாம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று நான் வாயைத் திறக்க வேண்டும்.

அக்டோபர் 12

தேவாரம் எடுத்தேன். ஒரு வரி ஓடவில்லை.

அக்டோபர் 19

மூத்தார் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“கச்சபேஸ்வரர் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு, போல்ட்டை மாத்தலன்னு.”

“பண்றேன். எனக்கென்ன பயம்?”

என்னைக் காட்டினார். “வள்ளியும் வரணும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி அது இடுப்புலதான இருக்குது. போல்ட்ல கை வெக்கலன்னு அதுவும் அணைக்கட்டும்.”

இவர் சிரித்தார். “சாமி விஷயத்துல அவ பொய் சொல்லுவாளா? கூட்டிக்கினு வரேன், போண்ணா.”

அக்டோபர் 25

நாளைக்குக் கோயில். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அப்புறம்? அடுத்த நாள்?

அக்டோபர் 26

இவர் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். மறுபடி ஏற்றினார்கள். என் கை நீளவில்லை. மூத்தார் பக்கம் திரும்பினேன்.

“மாமா, அவர் மாத்தல. அதே போல்ட்டுதான். நம்பர் வெட்டினது நான்.”

எல்லாம் சொன்னேன். எண் குறித்த நோட்டைக் கொடுத்தேன். மூத்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“வெளக்கு தேய்க்கிற மாதிரி துப்பாக்கியைத் தேய்ச்சியாம்மா?” என்றார். பிறகு இவர் தோளில் கை போட்டு, “வாடா” என்று கூட்டிப் போனார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 3

சத்யராஜ் மறுபடி பார்த்தார். வெட்டினதற்கு அடியில் பழைய எண்ணின் தடம் இருக்கிறது. துப்பாக்கி அசல்.

“ஆனா வெட்டினதை லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிக் குடுத்துத்தான் ஆகணும்மா.”



நவம்பர் 8

கடிதத்தை இவரே எழுத உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன். ‘நான்’ என்று தொடங்கியிருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

“செஞ்சது நானுங்க.”

“கம்முனு இரு. லைசென்ஸ் எம் பேர்ல.”

நாலு வரி போனதும் பேனா நின்றது. இவர் அந்த போல்ட்டைக் கழற்றியதே இல்லை. பதின்மூன்று நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எப்படி கழட்டின, சொல்லு.”

இடப்பக்கக் கொண்டியை வெளியே இழுத்து, போல்ட்டைப் பின்னால் உருவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, என்று சொல்லிக்கொண்டே போனேன்.

“மெதுவா,” என்றார்.

மெதுவாகச் சொன்னேன். இவர் எழுதினார்.