பதினொன்றாம் ஆளும் நெத்தலிக் கருவாடும்

வில்லரே, மொன்றியல்
பாஸ்குத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் கிறிஸ்தோப்பருக்கு,

மடு மாதாவின் துணையால் நானும் உன் மகள் வினோஜாவும் இங்கே நல்ல சுகம், மன்னாரில் நீயும் இமெல்டாவும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை, மெற்றோ வாசலில் பனி கறுத்துப்போய்க் கிடக்கிறது. பிள்ளை டொக்டருக்குப் படிக்காமல் கணக்குப் படித்து என்ன செய்யப்போறாள் என்று போன கிழமை கேட்டாய். போனில் சொன்னால் அவளுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

கிழமைக்கு மூன்று நாள், நாலு மணித்தியாலம் என் இரத்தத்தை மெஷின் கழுவுவது உனக்குத் தெரியும். இரத்தத்தில் பொஸ்பேற் என்று ஒன்று கூடினால் எலும்பு கெடும், உடம்பெல்லாம் அரிக்கும். முதல் ஒரு மணித்தியாலம் மெஷின் அதை வேகமாகக் குறைக்குமாம், பிறகு அவ்வளவாகக் குறையாதாம், எலும்புக்குள்ளும் சதைக்குள்ளும் இருந்து ஊறிக்கொண்டே இருக்குமாம், கிணறு இறைக்கிற மாதிரி. யாருக்கு எவ்வளவு ஊறும், எத்தனை மணித்தியாலம் கழுவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல அவள் ஒரு கணக்குக் கட்டியிருக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கச் சொன்னாள் என்றால் பார்த்துக்கொள். பதினொரு நோயாளிகளை வைத்துச் சரிபார்த்தாள், பேர் போடாமல் இலக்கம் மட்டும். நான் பதினொன்றாம் ஆள்.

பத்துப் பேருக்கும் அச்சொட்டாக வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை, கணக்குச் சொன்னதைவிட என் பொஸ்பேற் கூடிப்போய் இருந்தது. எங்கையோ இருந்து கூட வருது அப்பம்மா, இல்லாட்டி என்ர கணக்குப் பிழை என்று மூன்று கிழமை ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிந்தாள். பெரிய வியாழனன்று பேராசிரியரிடம் பிழையென்று ஒத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னாள். என் சாப்பாட்டைப் பற்றி அவள் முதலே கேட்டவள்தான். தவக்காலம், சுத்தபோசனம், இறைச்சி வாயில் வைக்கவில்லை என்றேன், அது பொய்யில்லை. உன் கூட்டாளி கிறகரியிடம் நீ கொடுத்துவிட்ட நெத்தலிக் கருவாட்டைத்தான் சொல்லவில்லை. முள்ளில் பொஸ்பேற் அதிகமென்று ஆஸ்பத்திரித் தாளில் அது விலக்கு, ஆனால் கோயிலில் இறைச்சிதானே விலக்கு என்று, அவள் கம்பஸுக்குப் போன பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு முள்ளோடு பொரித்துத் தினமும் தின்றேன்.

அதற்கு முதல்நாள், புதன் பின்னேரம், மனம் கேளாமல் கருவாட்டுப் பையை அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். ஏசுவாள் என்று நின்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டாள். ஒரு பிடி என்றேன். உங்கட பிடியோ என்ர பிடியோ என்று கேட்டு, என் கையாலேயே அள்ளவைத்து, தராசில் நிறுத்துக் கணக்கில் போட்டாள். திரையில் அவள் கணக்கின் கோடு வந்து என் இரத்தச் சோதனைப் புள்ளிகளின்மேல் அப்படியே படுத்தது. அடி கள்ளி அப்பம்மா என்று கட்டிப்பிடித்துச் சிரித்தாள். பேராசிரியரும் கணக்குச் சரி என்றாராம்.

மகன், டொக்டர்மார் எத்தனை தரம் கேட்டும் நான் மறைத்ததை உன் மகள் ஒரு கோடு கீறிப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால், எப்போது டொக்டராவாய் என்று கேளாதே, பதினொன்றாம் ஆள் எப்படி என்று கேள்.

உங்கள் இருவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன். இனிக் கருவாடு அனுப்பாதே. மீதியைக் கீழ்வீட்டு றோசலினுக்குக் கொடுத்துவிட்டேன், அவவுக்குக் கிட்னி நல்லது.

இப்படிக்கு,
உன் அம்மா