சைக்கிளில் எழுந்து நின்று ஏறிய மேடு

மைசூர்,
ஆடி மாதம், 1939

அன்புள்ள அம்மாவுக்கு மகள் தெய்வானையின் நமஸ்காரம். நான் சுகம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? அய்யன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

பிரசவம் பார்க்கப் போவதற்கு எனக்கு ஆஸ்பத்திரியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? மலையடிவாரத்து மேட்டில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். கூட வேலை செய்யும் ஹனூர் ரங்கம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மரத்துல கட்டி ஆடுற தூரியில நின்னு உந்துவீல்ல, அதே மாதிரி சீட்ட விட்டு எந்திரிச்சு மிதி. கைய இறுக்காத. சைக்கிள் ரெண்டு பக்கமும் ஆடட்டும், நீ ஆடாத" என்றாள்.

பழகும்போது ஒரு தடவை விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், ஆறிவிட்டது.

நேற்று விடியும் நேரத்தில், அந்த மேட்டுக்கு மேலே கௌரம்மா என்ற பெண்ணுக்கு வலி கண்டுவிட்டதாக ஆள் வந்தது. ஒரே மூடுபனி. எழுந்து நின்று மிதித்தேன். என் பாரமெல்லாம் ஒரு காலில் இறங்கியது, பிறகு மறு காலில். வண்டி அடியில் மெல்ல அசைந்தது. மேகத்துக்குள் தூரி ஆடுவது போலிருந்தது அம்மா. மேடு முடிந்ததுகூடத் தெரியாமல் நின்றபடியே போய்க்கொண்டிருந்தேன்.

நான் கைகழுவி முடிக்கவும் தலை தெரியவும் சரியாக இருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, எடுத்துவிட்டேன். பெண் குழந்தை. நன்றாக அழுதது.

ஊரிலிருந்து யாராவது வந்தால் சீயக்காய்ப் பொடியும் உங்கள் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிர். சேலையைத் துவைக்க வேண்டாம், அவிழ்த்தபடியே அனுப்புங்கள்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். போய் வருகிறேன்.

தெய்வானை