சலவைக்கடையில் பத்தொன்பது வருகைகள்

ஜனவரி 16, செவ்வாய்

வாசல் பனியை வாரிவிட்டு அலுவலகம் போய்ச் சேர ஒன்பது இருபது ஆகிவிட்டது. மேசையில் ஏழு கோப்புகள். ஆறு சாதாரணம். ஏழாவது ஆர்னெட்டா விக்ஸ் என்பவருடையது. வயது ஐம்பத்தெட்டு, சாகினா நகரின் கிழக்குப் பகுதி, தொழில் டூலா. அரசின் மெடிக்கெய்ட் காப்பீட்டில் உள்ள ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும், பிரசவ அறையிலும் துணையாக நிற்பவர். மருத்துவம் பார்க்க அனுமதி இல்லை. உடனிருக்கலாம், எடுத்துச் சொல்லலாம். இந்த ஏற்பாடு தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்கள் உண்மையாகவே தாய்மார்களைச் சந்திக்கிறார்களா என்று சரிபார்ப்பது அரசு வழக்கறிஞனான என் வேலை.

வருகைக்குப் பணம் கேட்டு அவர் அனுப்பிய படிவங்கள் நாற்பத்தொன்று. அவற்றுள் பத்தொன்பதில், 'சந்தித்த இடம்' என்ற கட்டத்தில் ஒரே முகவரி. தேடிப் பார்த்தேன். வீடு அல்ல, காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. நான்கு தாய்மார்கள், ஒரே சலவைக்கடை. தாய்மார்களின் கையெழுத்துகள் வேறு வேறு. மை மட்டும் ஒன்று: ஊதா.

மையின் நிறத்தை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது. குறித்துக்கொள்ளத் தடையில்லை.

ஜனவரி 18, வியாழன்

நான்கு தாய்மார்களுக்கும் தொலைபேசினேன். இரண்டு எண்கள் பயன்பாட்டில் இல்லை. ஒன்றை யாரும் எடுக்கவில்லை. நான்காவது ஜலீசா போஸ்டிக். வயது இருபத்துநான்கு, மார்ச் பத்தாம் தேதி பேறு எதிர்பார்க்கப்படுகிறது.

"ஜலீசா போஸ்டிக்தானே பேசறது?"

"யாரு கேக்குறது?"

அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன். ஆர்னெட்டா விக்ஸ் அவரை வந்து பார்ப்பது உண்டா என்று கேட்டேன்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. அந்தப் பேரே நான் கேட்டதில்ல. இந்த நம்பர யாரு குடுத்தா உங்களுக்கு?"

வைத்துவிட்டார். நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. கோப்பில் ஏற்றினேன். இந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் எட்டு வருகைகள் கணக்கில் இருக்கின்றன. கேட்டால், பெயரே தெரியாதாம்.

ஜனவரி 19, வெள்ளி

இரவு உணவின்போது பெயர்களை மறைத்து மனைவி வெர்னெலிடம் சொன்னேன். "நீ சொர்க்கத்துக்குப் போனா வாசல்ல நிக்கிறவர்கிட்டயே ரெண்டு அடையாள அட்டை கேப்ப, லெம்" என்றாள். கேட்பதில் என்ன தவறு?

ஜனவரி 23, செவ்வாய்

படிவங்களின்படி செவ்வாய்க்கிழமைதான் அவர் வழக்கமாக வரும் நாள். வீட்டிலிருந்து ஒரு கூடைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் கூடையை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மடிப்புகூடக் கலையலையே. துவைக்க வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?"

வேறு வழியின்றித் துவைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆர்னெட்டா விக்ஸ் வந்தார்; கோப்பில் உள்ள படத்தை வைத்து அடையாளம் கண்டேன். உலர்த்தும் இயந்திரங்களின் பக்கம், நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எழுபது நிமிடங்கள். அதில் பெரும்பகுதி துணி மடித்தார்கள். அந்தப் பெண் தன் பாதங்களை அவர் மடியில் தூக்கிப் போட்டாள். அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்து எதையோ கேட்டார். நிறையச் சிரிப்பு. முடிவில் ஒரு தாளில் கையெழுத்து.

சந்திப்பு நடக்கிறது. ஆனால் அவள் ஜலீசா என்றால், ஏன் தெரியாது என்றாள்? அவள் ஜலீசா இல்லை என்றால், அந்தக் கையெழுத்து யாருடையது? இரண்டில் எதுவானாலும் எங்கோ ஒரு பொய் இருக்கிறது.

ஜனவரி 29, திங்கள்

விசாரணை முடியும்வரை ஆர்னெட்டா விக்ஸின் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கும் ஆணையை வரைந்து அனுப்பினேன். மருத்துவமனைகளுக்கும் நகல் போகும்; நிறுத்தப்பட்டவரை டூலாவாகப் பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள். நிறுத்தத்தை நீக்க வேண்டுமானால், சந்திப்புகள் நடந்தன என்று சம்பந்தப்பட்ட தாய் தன் குடியிருப்பு முகவரியுடன் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். மூன்றாம் பத்தி. ஓட்டை இல்லாத பத்தி.

பிப்ரவரி 2, வெள்ளி

முன்னறிவிப்பு இல்லாமல் அவரே வந்தார். உயரமான பெண்மணி, ஆண்கள் அணியும் கம்பளிக் கோட்டு. கழுத்தில் ஒரு கயிறு. அதில் தொங்கிய ஊதாப் பேனாவால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். அவரைச் சந்திப்பவர்கள் எல்லாரும் அதே பேனாவை வாங்கித்தான் எழுதுகிறார்கள் போலும். மை பற்றிய குறிப்பை அடித்துவிட வேண்டும்.

"நீங்கதான் ப்ரூயிட்டா? துவைச்ச துண்டையே திரும்பத் துவைச்ச வக்கீலு?"

 ஏன் வீட்டில் சந்திப்பதில்லை என்று கேட்டேன்.

"அவ சொன்ன எடத்துல பாத்தேன்."

"ஏன் அந்த இடம்?"

"அத அவகிட்டதான் கேக்கணும். அவ வீட்டுக் கதைய எடுத்து உங்க மேசை மேல வைக்க நான் யாரு?"

"கேட்டேன். உங்களைத் தெரியவே தெரியாதுன்னு சொன்னாங்க."

சிரித்தார். சாதாரணச் சிரிப்பு அல்ல. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கும் அளவுக்கு. "கெட்டிக்காரி! நான் சொன்னத அப்படியே பிடிச்சுக்கிட்டாளே!"

பேனாவை எடுத்தேன். "என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"முன்னப்பின்ன தெரியாதவன் போன்ல கேட்டா வாயத் தொறக்காதேன்னு. ஏன், உங்கம்மா உங்களுக்குச் சொல்லலையா, தம்பி?"

குறித்துக்கொண்டேன்: சாட்சியைப் பழக்கியதாக அவரே ஒப்புக்கொள்கிறார்.

எழுந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "மார்ச் பத்துன்னு நாள் குறிச்சிருக்காங்க. உங்க பேப்பர் அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முறைப்படி முடியறப்ப முடியும்."

"சரி. கொழந்தைகிட்டயும் அப்படியே சொல்லி வைக்கிறேன்."

பிப்ரவரி 5, திங்கள்

எதற்கு அந்தச் சிரிப்பு?

பிப்ரவரி 11, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பி வெர்னெல் கீரை அலசிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பெயரே தெரியாது என்று மறுத்த பெண்ணைப் பற்றி மறுபடி சொன்னேன். ஒருவரைச் சந்தித்துக்கொண்டே எதற்காகத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொண்ணூத்தொண்ணுல எங்கக்கா வீட்ல நாம ஒட்டிக்கிட்டு இருந்தோமே, நெனப்பிருக்கா? அரசாங்க உதவியில கெடச்ச வீடு. வாடகைச் சீட்டுல அவ பேரும் பிள்ளைங்க பேரும் மட்டும்தான். ஒருத்தன் அட்டையும் பேனாவுமா வந்து, லெமுவேல் ப்ரூயிட் இங்க இருக்காரான்னு கேட்டான். நான் என்ன சொன்னேன்?"

அவளே பதிலும் சொன்னாள்.

"அப்படி யாரும் இல்ல, பேரே கேள்விப்பட்டதில்லன்னேன். ஐயா அப்ப குளியல் தொட்டியில சோப்பு நுரையோட உக்காந்திருந்தாரு. தும்மல் வந்துதே, மூக்கப் பொத்திக்கிட்டாரு. அன்னைக்கு எங்க போச்சு உன் சட்டமெல்லாம்?"

இது எனக்குத் தெரியாதா? தெரியும். சட்டக் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே தெரியும். எங்கள் தெருவில் அரசாங்கத்திலிருந்து வந்த கேள்விக்கு யார் 'ஆமா'ன்னு சொல்லியிருக்காங்க? ஒருத்தர்கூட இல்ல. பின்ன எப்படி நான் அதை ஒரு ஆதாரமா— நேரம் வேறு போட்டு— பதினொன்று நாற்பத்திரண்டு என்று—

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆணையைத் திரும்பப் பெற என் மேலதிகாரி மிஸஸ் கவாலிக்கிடம் அனுமதி கேட்டேன். மறுப்பு என்பது பயத்தினால் வந்திருக்கக்கூடும் என்று விளக்கினேன்.

"இருக்கலாம், லெம். ஆதாரம் எங்க? மூணாவது பத்தியில என்ன கேட்டிருக்கோ அதக் கொண்டு வா. நானா எழுதினேன்? நீ எழுதினது."

பிப்ரவரி 16, வெள்ளி

சலவைக்கடை. இம்முறை கூடை இல்லாமல் போனேன். நான் அன்று பார்த்த பெண் தனியாக இருந்தாள், ஜலீசா போஸ்டிக்தான். அட்டையைக் காட்டி, நான்தான் தொலைபேசியவன் என்று சொன்னேன். எழுந்துபோகப் பார்த்தாள், வயிற்றுச் சுமையால் உடனே எழ முடியவில்லை. அதற்காக வெட்கப்பட்டேன்.

"மிஸ் ஆர்னெட்டாவ நிறுத்தினது நீங்கதானே? எதுக்கு இப்ப வந்து உக்காந்திருக்கீங்க? இன்னும் யாரு மிச்சம்?"

ஒரு தாளில் கையெழுத்திட்டால் சரிசெய்துவிடலாம் என்றேன். வாங்கிப் படித்தாள். முகவரிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"குடியிருக்கிற இடம்."

"குடியிருக்கிற எடம்னு எனக்கு ஒண்ணு இருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்? எங்க பெரியம்மா மக வீட்டு சோபாவுல படுத்திருக்கேன். அவ வாடகைச் சீட்டுல என் பேரு கெடையாது. இத நான் எழுதினா அவளும் மூணு பிள்ளைங்களும் தெருவுல. கையெழுத்து கேக்குறாராம்!"

பிறகு, என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, குரல் தணிந்தது. முதல் பிரசவத்தில் தலை வெடிக்கிறது என்று தாதியரிடம் மூன்று முறை சொன்னாளாம். படுத்தால் சரியாகும் என்றார்களாம். வலிப்பு வந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்திருக்கிறாள். குழந்தை பிழைக்கவில்லை.

"நான் சொன்னா யாரு காதுலயும் ஏறல. நாலாவது தடவ சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். அந்த ஆளத்தான் நீங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். அதைக் கோப்பில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

நான்கு பக்கக் குறிப்பு எழுதினேன். தொலைபேசி மறுப்புக்கு ஆதார மதிப்பு இல்லை. சந்திப்பு நடந்ததற்கு நானே நேர்சாட்சி. குடியிருப்பு முகவரி கேட்பது, நிரந்தர வீடில்லாத தாய்மார்களை இந்தச் சேவையிலிருந்து விலக்குகிறது. 'தாய் தேர்ந்த இடம்' என்று மாற்றப்பட வேண்டும். ஆணையை வரைந்தவனின் பிழை என்று தனிப் பத்தி. இதை முடிவு செய்யும் குழு கூடும் நாள் மார்ச் 12. மார்ச் பத்துக்கு இரண்டு நாள் பின்னே.

பிப்ரவரி 26, திங்கள்

கூட்டத்தை முன்கூட்டியே நடத்த மிஸஸ் கவாலிக் மறுத்துவிட்டார். "அவசரம்னு ஒரு சொல் நம்ம விதியில இல்ல" என்றார். தேடிப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 4, திங்கள்

பிற்பகல் இரண்டு பத்து. மருத்துவமனையின் பிரசவப் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"ஜலீசா போஸ்டிக்னு ஒரு நோயாளி. கூட அவங்க அத்தைன்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. பேரு ஆர்னெட்டா விக்ஸ். நீங்க அனுப்பின நிறுத்தப் பட்டியல்லயும் இதே பேரு இருக்கே, சார். ரெண்டும் ஒரே ஆளா? ஒரே ஆளுன்னா வெளிய அனுப்பிருவோம்."

பேறு ஆறு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. பேனா கையில் இருந்தது, எதையும் எழுதவில்லை.

"நோயாளி என்ன சொல்றாங்க?"

"அத்தைங்குறாங்க."

"அதை மறுக்கிற ஆவணம் எதுவும் என்கிட்ட இல்லை."

"அப்ப இருக்கட்டுமா?"

"உங்க விதிப்படி அத்தை உடனிருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப இருக்கலாம்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் பொய். வேறொருவர் இப்படிப் பேசியிருந்தால் நான் என்ன பெயர் வைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் குரல் அஞ்சலில் ஆர்னெட்டா விக்ஸ்:

"வக்கீல் ஐயா, பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பெத்த பிறகு தலை வலிக்குதுன்னா. மூணு தடவ சொன்னா. நாலாவது நான் சொன்னேன், கதவுகிட்ட நின்னு, கொஞ்சம் சத்தமா. அப்புறம்தான் ரத்த அழுத்தம் பாத்தாங்க. பாத்ததும் ஓடினாங்க பாருங்க ஒரு ஓட்டம்! மருந்து ஏத்தி இப்ப எறங்கியிருக்கு. எனக்குத் தூக்கம் வருது. வைக்கிறேன்."

இரண்டு முறை கேட்டேன். அழிக்கவில்லை. இது ஒரு ஆதாரம், எனக்கு எதிராகவும்தான்.

மார்ச் 6, புதன்

திங்கட்கிழமை உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, மிஸஸ் கவாலிக்கிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இத நீ எழுதலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். ஆம் என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

குழுவில் மூவர். முதல் கேள்வி: "அந்த அழைப்பு வந்தப்ப ரெண்டும் ஒரே ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "தெரிஞ்சும் சொல்லலையா?" சொல்லவில்லை என்றேன். 

மார்ச் 15, வெள்ளி

ஆர்னெட்டா விக்ஸின் நிறுத்தம் இன்று முதல் நீக்கப்பட்டது. படிவத்தில் முகவரிக் கட்டம் திருத்தப்படுகிறது. 'தேர்ந்த' என்பதற்குப் பதில் 'குறிப்பிட்ட' என்று போட்டிருக்கிறார்கள். அதுவே துல்லியம். என்னைத் திங்கள் முதல் ஒப்பந்தப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பிற்பகலில் கோப்புகளை எனக்குப் பின் வருபவரிடம் ஒப்படைத்தேன். ஹாலோரன் என்ற பெயர். முப்பது வயதிருக்கும், கவனமானவர், ஒவ்வொரு கோப்பையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். தாய்மார்கள் தொலைபேசியில் 'தெரியாது' என்று சொன்னால் அதை எழுதிக்கொள்ள வேண்டாம், நேரில் போய் உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.  கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் போட்டு நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்.