உதிர்குண்டும் அடைசிமிழும்

வெண்கரை நாடு வாழ்க. ஏழ்துறைக் காவலர், பகைவர் முடி இடறும் கழலினர் வான்கழல் வேந்தர் திருவாய்மொழிப்படி, அமைச்சர் மருதங்கோ எழுதுவிப்பது: கருந்துறை உலைக்கோட்டத் தலைவர் நெடும்பொறையனார் காண்க. நும் உலைத்தீ அவியாதிருப்பதாக.

மிதிவண்டிப் படைக்கு இனி எவ்வகைச் சக்கரம் செய்வது என்று கேட்டிருந்தீர். சக்கரத்தின் நடுக்குடத்தில் இரும்புக் குண்டுகளைக் கொழுப்பில் பதித்து மரையாணியால் இறுக்கும் பழைய முறையா, குண்டுகளைச் சிமிழுக்குள் அடைத்துக் குடத்தில் அழுத்தி ஏற்றும் நும் புதிய முறையா என்பதே கேள்வி. அதற்கான விடையைப் படைத்தலைவி கொற்றி குருதியில் நின்று கண்டு வந்தாள்.

கணவாயைக் காக்கப் புறப்பட்ட அவள் படையில் பாதிப்பேர் குண்டுச் சக்கரத்திலும் பாதிப்பேர் சிமிழ்ச் சக்கரத்திலும் சென்றனர். உப்பங்கழியைக் கடக்கையில், நாணற்காட்டில் பதுங்கியிருந்த மலைநாட்டார் கோடரிகளுடன் பாய்ந்தனர். குண்டுச் சக்கரங்களின் குடங்களில் சேறும் மணலும் புகுந்தன, குண்டுகள் நறநறவென்று அரைபட்டன, வண்டிகள் தள்ளாடின. பின்தங்கியவர்களைப் பகைவர் மரம் பிளப்பதுபோல் பிளந்தனர். சிமிழ்ச் சக்கரங்களோ சேற்றை உள்ளே விடாமல் ஓடின. கொற்றியும் அவற்றில் ஒன்றில் கரையேறினாள். திரும்பிப் பார்த்தால், தம்பி எழினன் கழியின் நடுவே கிடந்தான். வந்த வழியே பாய்ந்தாள். அவன் இடக்கையைத் துண்டித்தவனின் கழுத்தை வாளால் அறுத்தெறிந்து, தம்பியைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டு மீண்டாள். அன்று அவள் நும் உலையை வாய்விட்டு வாழ்த்தினாள்.

கணவாயில் முற்றுகைப்பட்டுக் கிடந்த நாள்களில் அந்த வாழ்த்துப் பொய்த்தது. கழியைக் கடக்கையில் மூடியின் விளிம்பு வழியே கசிந்து புகுந்திருந்த உப்புநீர் சிமிழ்களை உள்ளிருந்தே தின்றது. சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி நின்றன. அவற்றைக் கழற்றி மாற்றும் அழுத்துபொறியைக் கொற்றி புறப்படும் முன்பே கேட்டிருந்தாள். "என் சிமிழுக்கு நோயே இல்லை, மருந்து எதற்கு?" என்று நீர் மறுத்தீர். வீரர்கள் கல்லால் அடித்துப் பார்த்தனர்; சிமிழ் நொறுங்கியது, குடமும் பிளந்தது. குனிந்து அடித்துக்கொண்டிருந்தவர்களின் முதுகிலேயே பகைவரின் ஈட்டிகள் இறங்கின.

"கழியில் தப்பி வந்த குண்டுச் சக்கரங்களைக் கவிழ்த்துப் போடுங்கள்! செத்தவன் வண்டியானாலும் விடாதீர்கள்!" என்று கொற்றி கூவினாள். குண்டுகளைத் தலைக்கவசத்தில் கொட்டி விளக்கெண்ணெயில் கழுவினர். அரைபட்டுச் சொரசொரத்தவற்றை எறிந்துவிட்டு, உடைந்த வண்டிகளின் நல்ல குண்டுகளை இட்டு நிரப்பினர். ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் மரையாணியைத் திருகினர். அதுவரை எழினன் ஒற்றைக் கையில் ஈட்டியுடன் குறுகிய பாதையை மறித்து நின்றான்.

"தம்பி, சக்கரம் சுற்றுகிறது. வா!"

"நான் நகர்ந்தால் இவர்கள் ஏறிவிடுவார்கள் அக்கா. நீ என்னைத் தாண்டிப் போ."

அவனை வெட்டிச் சாய்த்தவர்கள் நிமிரும் முன்பே சரிவில் வண்டிகள் அவர்கள்மேல் பாய்ந்தன. மலைநாட்டுத் தலைவனின் தலை கொற்றியின் வண்டிக் கைப்பிடியில் தொங்க, மிஞ்சியோர் நகர் வந்து சேர்ந்தனர்.

எது சிறந்தது என்று வேந்தர் வினவியபோது கொற்றி சொன்னாள்: "சேற்றுக்குச் சிமிழ் நல்லது. திறந்து செப்பனிட வேண்டிய இடத்தில் குண்டே நல்லது. ஆனால் திறக்கும் வழியைத் தராமல் போரிடப் போ என்றாரே ஒருவர், அவரை என்ன செய்வது?"

நும் தலையைக் கொய்து வர வேந்தர் ஆணையிட்டார். தடுத்தவளும் கொற்றியே.

ஆதலின் ஆணை இது: கழிக்காவலுக்குச் சிமிழ்ச் சக்கரமும், பாசறைதோறும் அழுத்துபொறியும் மாற்றுச் சிமிழும் தருக. மலைப்படைக்குக் குண்டுச் சக்கரம் செய்க. அடுத்த போர்ப்பறை முழங்குகையில், நீர் நும் சிமிழ்ச் சக்கரம் ஏறி, கொற்றியின் வலப்புறத்தில், கழி கடந்து கணவாய்வரை செல்க.

வேந்தரின் மீன்கொத்தி முத்திரை இடப்பட்டது. மறுமொழி வேண்டா, வண்டியுடன் வருக.