மாமன் மடி இல்லாத காதுகுத்து

11 ஜனவரி 1936

தை இருபதாம் தேதி தம்பி நடேசனுக்குக் காது குத்துவதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். அங்காளம்மன் கோயிலில்தான் குத்த வேண்டுமாம். இரண்டு வருஷத்துக்கு முன் மூத்த தம்பி மணவாளனுக்கு வீட்டிலேயே குத்தியதால்தான் அம்மன் கோபித்து அவனை எடுத்துக்கொண்டாள் என்கிறார்.

மணவாளன் காதில் ஆறு நாள் ரத்தம் ஒழுகியது. ஏன் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்.

13 ஜனவரி

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாயில் வந்துவிடும். நோட்டைத் தவிட்டுப் பானைக்குள் வைக்கலாம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் மணவாளன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல ரத்தம் பத்து நிமிஷத்தில் தயிர் மாதிரி உறைந்துவிடுமாம். ஒரு மணி நேரம் கழித்தும் அது தண்ணீராகவே ஓடியது. அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற நான்தான் நடுவில்.

அம்மாவுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டார். ஒரே மாமா, பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் சின்ன வயதிலேயே செத்துப்போனார் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இது தாய்வழி வருவது, பெண்கள் சுமப்பார்கள், ஆண்பிள்ளைகளைக் கொல்லும், ஐரோப்பாவில் ராஜா வீடுகளிலும் உண்டு என்றார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றார் அப்பா.

"மருந்து இல்லியாம்பா."

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள்.

17 ஜனவரி

கிருமாம்பாக்கத்திலிருந்து கெங்கம்மாள் அத்தை வந்தாள். அம்மா காதில் விழும்படியே அப்பாவிடம், "பெத்து பெத்து பொதைக்கிறவள வச்சிகினு இன்னாடா பண்ணப் போற? இதுவும் தங்கலன்னா வேற ஒருத்திய பாரு" என்றாள். முன்பு தன் மகன் அரிகிருஷ்ணனுக்கு என்னைக் கேட்டவள். மணவாளன் போனதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அது ஒன்றுதான் எனக்கு நிம்மதி.

முழுசாகச் சொன்னால் அம்மாவைத் துரத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் தம்பி—

20 ஜனவரி

தம்பி தவழ்கிறான். முட்டியில் நீலத் திட்டு. மணவாளனுக்கும் இப்படித்தான்.

22 ஜனவரி

"காயமே படக்கூடாதுன்னு அன்னிக்கி டாக்டரு சொன்னாருப்பா" என்று பொய் கலந்து சொல்லிப் பார்த்தேன்.

"வெள்ளைக்காரனுக்கு அங்காளம்மாவ தெரியுமாடி?" எழுந்து போய்விட்டார்.

27 ஜனவரி

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சம்மந்தப் பத்தர் நகைப் பட்டறைக்குப் போனேன். மணவாளனுக்குக் குத்தியவர் அவர்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என் கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சினு இருந்தேன் பாப்பா. அந்த ஊசிய ரெண்டு வருஷமா தொடல."

பிறகு ஒரு மெல்லிய வளையத்தை என் காதுமடலில் மாட்டி நசுக்கினார். குத்தாமலே கவ்விக்கொண்டது. "புடிச்சிகினு ஒக்கார்றவங்க கைய வச்சி மறைக்கணும். மாமன் யாரு?"

எங்களுக்கு ஏது மாமன்.

"அப்ப நீயே மடியில வச்சிக்கோ."

2 பிப்ரவரி

குத்தினார். குத்தவில்லை. வளையம் நசுக்கியதும் தம்பி அலறினான். என் உள்ளங்கை முழுக்க அவன் காது.

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல பாத்தியா! ஆத்தா மனசு எறங்கிட்டா!" அப்பா அழுதார். அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கும் தெரியாது.

3 பிப்ரவரி

மடல் நீலமாக இருக்கிறது. பரவக்கூடாது, பரவக்கூடாது.

8 பிப்ரவரி

மஞ்சளாகி மங்கிவிட்டது. நான்தான் அவனைக் குளிப்பாட்டுகிறேன். வேறு யாரையும் விடுவதில்லை.

19 பிப்ரவரி

அத்தை பூ, பழத் தட்டோடு வந்தாள். "சாமி குத்தம் தீந்துபோச்சி. இனிமே எனக்கு இன்னா பயம்? பொண்ண குடுடா." அப்பா உடனே சரி என்றார். வைகாசியில் கல்யாணம். அத்தை அம்மாவை "சம்மந்தி" என்று கூப்பிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா சிரித்தாள்.

பள்ளிக்கூடம் இனி இல்லை.

டாக்டர் அன்று கடைசியாகச் சொன்னதை நான் எழுதவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: உன்னிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆண்பிள்ளை பிறந்தால்தான் தெரியும்.

இப்போது வாய் திறந்தால் எல்லோரும் முதலில் தம்பி காதைத்தான் பார்ப்பார்கள்.

14 மே

தாலிக்குப் பொன் உருக்க சம்மந்தப் பத்தர் வந்தார். தலை நிமிராமல் வேலை செய்தார். கிளம்பும்போது தண்ணீர் கேட்டார். சொம்பைத் திருப்பித் தரும்போது அதன் அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்து என் கையில் அழுத்தினார்.

"பத்திரமா வச்சிக்கோ பாப்பா."

இரண்டு மெல்லிய வளையங்கள். கைக்குழந்தை அளவு.