சீவல் அறைக்கு ஒரு பாராட்டு

அனுப்புநர்:
நிலவியல் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் ஒரு விரிவுரையாளர்,
இரண்டாம் மாடி, மொட்டை மாடிப் படிக்கு அடியிலுள்ள அறை.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: துறையின் ‘உறுதுணைச் சக பணியாளர்’ பாராட்டை ஆளுக்கொரு ஆண்டு என்று முறைவைத்து வழங்குவதை நிறுத்தி, இவ்வாண்டு அதைப் பாறைச் சீவல் அறையின் தற்காலிகப் பணியாளருக்கு வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: அதே பணியாளர் மீது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒன்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன், இனி முடியாது. இந்தத் துறையில் எனக்கு இழைக்கப்பட்டவை பல. ஜன்னலுள்ள என் அறை வேறொருவருக்குப் போனது, நான் உருவாக்கிய கனிமவியல் பாடத்தை நேற்று வந்தவர் நடத்துவது, பதவி உயர்வுப் பட்டியல் இருமுறை என்னைத் தாண்டிச் சென்றது ஆகிய ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தேதியும் உண்டு, சாட்சியும் உண்டு. அவை தனித்தனி மனுக்களாக வரும். இந்த மனு எனக்காக அல்ல. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது.

1. ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையிலிருந்தும் சக பணியாளர்களுக்கு உறுதுணையாக இருந்த ஒருவரைத் தேர்ந்து, நிறுவன நாளில் தங்கள் கையொப்பமிட்ட பாராட்டிதழ் வழங்கப்படுகிறது. எங்கள் துறையில் முதல் ஆண்டே இதனால் சண்டை வந்தது. அன்று துறைத்தலைவர் கூட்டத்தில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஆளுக்கொரு வருஷம்னு வச்சுக்குவோம் சார். யாரும் யாருக்கும் ஒதவ வேண்டாம், சண்ட போடாம இருந்தாப் போதும்.” அன்று முதல் பணிமூப்புப் பட்டியல்படி பாராட்டு நகர்கிறது. ஆண்டு முழுவதும் விடுப்பில் வெளிநாட்டில் இருந்த ஒருவர் அதைப் பெற்றார். துறையின் ஒளிப்படக் கருவியைத் தம் அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகும் இன்னொருவரும் பெற்றார். இவ்வாண்டு முறை என்னுடையது.

2. நான் யாருக்கும் உறுதுணையாக இருந்ததில்லை. அடக்கம் கருதி இதைச் சொல்லவில்லை. விடுப்பில் போனவர்களின் வகுப்பை ஏற்றதில்லை. விடைத்தாள் திருத்தலில் என் பங்குக்கு மேல் ஒரு தாளையும் தொட்டதில்லை. எனக்கு யார் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருபத்திரண்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டேன்.

3. மாறாக, கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார். மாணவர்கள் அவரைச் ‘சீவல் அக்கா’ என்று அழைப்பார்கள். அவர் வேலை இதுதான்: மாணவர் கொண்டுவரும் பாறையை அறுத்து, ஒரு துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, தலைமயிரில் பாதித் தடிமனுள்ள சீவலாகும்வரை தேய்க்க வேண்டும். அப்போதுதான் கல்லுக்குள் வெளிச்சம் போகும், நுண்ணோக்கியில் கனிமங்கள் தெரியும். குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தடிமன் சரி. மஞ்சள் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். ஒரு கணம் கூடுதலாகத் தேய்த்தால் சீவலே இருக்காது, கண்ணாடிதான் மிஞ்சும். பதினான்கு ஆண்டுகளாக, ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிக ஆணையில் அவர் இதைச் செய்துவருகிறார். முறைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதில் நிரந்தர ஆசிரியர்கள் மட்டுமே உண்டு.

4. தங்கள் சுற்றறிக்கையோ ‘துறையில் பணிபுரியும் எவரும்’ என்றே சொல்கிறது. நான்கு முறை படித்துவிட்டேன். ‘நிரந்தரம்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

5. ஆதாரம் கேட்பீர்கள். நூலகத்தின் மூன்றாம் தளத்தில் எங்கள் துறை ஆய்வேடுகள் உள்ளன. அவர் பணியில் சேர்ந்தபின் ஏற்கப்பட்டவை நாற்பத்தொன்று. சென்ற இரு வாரங்களில் அனைத்தின் நன்றியுரைப் பக்கத்தையும் படித்தேன். எங்கள் மாணவர்கள் ஆய்வைச் சொந்தமாகச் செய்வார்கள். நன்றியுரையை மட்டும் முந்தைய ஆண்டு அண்ணனிடமிருந்து அப்படியே எடுத்துவிடுவார்கள். பணி ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் பழைய துறைத்தலைவருக்கு ‘அன்றாடம் வழிகாட்டியமைக்காக’ நன்றி போய்க்கொண்டே இருந்தது. திருமணமாகாத ஒரு மாணவர் ‘பொறுமையோடு காத்திருந்த என் மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும்’ நன்றி சொல்லியிருக்கிறார்.

ஆனால் முப்பத்தெட்டு ஆய்வேடுகளில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி மட்டும் யாரிடமிருந்தும் எடுக்கப்படவில்லை. ‘நான் உடைத்த ஏழு சீவல்களையும் பார்த்துவிட்டு எட்டாவதை என் கையைப் பிடித்துத் தேய்க்கக் கற்றுத்தந்த சீவல் அக்காவுக்கு.’ ‘என் கல் தவறான கல் என்று மேற்பார்வையாளருக்கு முன்பே கண்டுபிடித்து, அவரிடம் போட்டுக் கொடுக்காத அக்காவுக்கு.’ ‘ஆய்வே வேண்டாம் என்று ஊருக்குப் புறப்பட்ட என்னிடம், கல்லை மட்டும் வைத்துவிட்டுப் போ என்று சொன்னவருக்கு.’ முப்பத்தெட்டும் வேறு வேறு வரிகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

எஞ்சிய மூன்றில் ஒன்று முழுக்கக் கணினியில் செய்த ஆய்வு. அதற்குக் கல்லே தேவைப்படவில்லை. மற்ற இரண்டும் என் மேற்பார்வையில் எழுதப்பட்டவை. அந்த வரி அவற்றிலும் இருந்தது. வரைவில் அதைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்.

6. அடித்ததற்குக் காரணம் இது. சீவல் அறைக் கதவில் ஒரு வரிசைப் புத்தகம் தொங்கும். யார் வந்தாலும் அதில் பெயரையும் கல்லின் எண்ணையும் எழுதிவிட்டுத் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு கருத்தரங்குக்குப் பதினொரு நாட்களே இருந்தபோது, ஆறு கற்களை ‘அவசரம்’ என்ற சீட்டோடு அவர் மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சார், உங்களுக்கு முன்னாடி பதினாலு பேரு இருக்காங்க. புத்தகத்துல எழுதிட்டுப் போங்க, முறை வந்ததும் நானே கூப்பிடறேன்” என்றார். வாசலில் நின்ற இரண்டாமாண்டு மாணவன் ஒருவன், “எனக்குப் பின்னாடி சார்” என்று பேனாவை நீட்டினான். சிரிப்பு கேட்டது. அன்று மாலையே ‘மூத்த ஆசிரியருக்குக் கீழ்ப்படியாமை’ என்று இரண்டு பக்கப் புகார் எழுதிக் கொடுத்தேன். மொழி நன்றாக அமைந்திருந்தது. அதன்பின் அவரோடு நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வரிசையை மீறச் சொன்னதற்காக மறுக்கப்பட்ட நான் இன்று ஒரு வரிசையை மீறச் சொல்கிறேன் என்பதை அறிவேன். ஆனால் அவருடைய வரிசையில் கல்லோடு வந்தவர்கள் நின்றார்கள். எங்கள் பட்டியலில் நிற்பவர்கள் வெறுங்கையோடு நிற்கிறோம்.

7. சென்ற பருவத்தின் செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன். நீண்ட மேசைகளில் பதினெட்டு நுண்ணோக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீவல். மணி அடிக்க அடிக்க மாணவர்கள் நகர்ந்து ஒவ்வொரு கல்லையும் அடையாளம் காண வேண்டும். விடைப்பட்டியலை நான் ஜன்னல் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதியிருந்தேன். காலையில் எண் அட்டைகளைக் கதவுப் பக்கத்திலிருந்து வைத்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு. பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அறுபத்திரண்டு மாணவர்களும் தோற்றிருப்பார்கள். அல்லது, மறுநாளே பிழை வெளிப்பட்டு, கருங்கல்லுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத விரிவுரையாளர் என்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதற்குக் காத்திருப்பவர்கள் இங்கே உண்டு.

தேநீர் குடித்துவிட்டு நான் திரும்பியபோது அட்டைகள் இடம் மாறியிருந்தன. இரண்டு அட்டைகள் கிழிந்திருக்க வேண்டும். அவை புதிதாக எழுதப்பட்டிருந்தன. அந்த எண்கள் என் கையெழுத்தில் இல்லை. விளக்குகளைச் சரிபார்க்க வந்த சீவல் அக்கா, சீவல்களை அடுக்குவதற்காகத் தம்மிடமிருந்த விடைப்பட்டியல் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை என்பதை ஒரு மாதம் காத்திருந்து உறுதி செய்துகொண்டேன். என்னைக் கவிழ்க்க அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்திருந்தாலே போதும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சும்மாதான் இருந்திருப்பேன்.

8. நன்றி சொல்லப் போனேன். அதற்குப் பதிலாகக் கதவிலிருந்த புத்தகத்தில் என் பெயரையும் ஒரு கல்லின் எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன். எனக்கு முன் எட்டுப் பேர். ஆறாம் நாள் கீழ்த்தளத்து மாடிப்படியிலிருந்து குரல் வந்தது: “சார், உங்க முறை வந்திருச்சு.” கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள வெடிப்பு இருக்கு சார். பிசின் ஊத்தி எறுகின பெறகுதான் அறுக்கணும். ரெண்டு நாள் கூட ஆகும், பரவாயில்லயா?” என்றார். பரவாயில்லை என்றேன். இந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் சொன்னதாக நினைவில்லை.

9. அன்றுதான் அந்த அறையில் மாணவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பதினைந்தாம் ஆண்டுக்குள் நிரந்தரமாக்கப்படாத தற்காலிகப் பணியாளர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்பது புதிய விதி. அவருக்கு அந்தக் கெடு இம்மாத இறுதி. தேர்வுக்குழு இருபத்தாறாம் தேதி கூடுகிறது. கோப்பில் புகார் உள்ள ஒருவரை நிரந்தரமாக்க வேண்டுமானால் அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகத்தின் பாராட்டு ஒன்றாவது இருக்க வேண்டும். அவர் கோப்பில் ஒரே ஒரு புகார் உள்ளது. அது எது என்பதைப் பார்வையில் குறிப்பிட்டுள்ளேன்.

மறுநாளே அதைத் திரும்பப் பெறக் கோரிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு பணியாளர் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். “மூணு வருஷம் தாண்டிருச்சு சார். ஏறினத எறக்க முடியாது. ஒரு பாராட்டு ஏத்துங்க, கணக்கு நேராயிடும். ஆமா, நீங்க போட்டதா இது? படிச்சிருக்கேன் சார், நல்லா எழுதியிருந்தீங்க.” இருபத்திரண்டு ஆண்டுகளில் என் எழுத்துக்கு இங்கே கிடைத்த ஒரே பாராட்டு அது.

10. ஆகவே தங்களிடம் கோருவது மூன்று. முறைவைத்து வழங்குவது சுற்றறிக்கைக்குப் புறம்பானது என்று துறைக்கு எழுத வேண்டும். மேற்சொன்ன முப்பத்தெட்டு ஆய்வேடுகளையும் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்ய வேண்டும். அலமாரி எண்களை இணைத்துள்ளேன். இருபதாம் தேதி நிறுவன நாளில் பாராட்டிதழை அவர் கையில் கொடுத்து, அதன் நகலை இருபத்தாறுக்குள் கோப்பில் சேர்க்க வேண்டும்.

நடக்கும் என்று நம்புகிறேன். நம்புவது என் பழக்கமல்ல, காரணத்தோடுதான் நம்புகிறேன். தாங்கள் பொறுப்பேற்ற வாரமே எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்து, கல்தூசியைப் பார்த்து, “இதுல எப்படிம்மா மூச்சு விடறீங்க?” என்று கேட்டீர்கள். பத்து ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத எக்ஸாஸ்ட் ஃபேன் நான்காம் நாள் சுவரில் ஓடியது. தாங்கள் ஒரு முறை எட்டிப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. அந்த அம்மாதான் இவர். அவர் குடும்பம், வீடு எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதில்லை. இருபத்தாறாம் தேதிக்குப் பின் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

11. கடைசியாக, கையெழுத்து. இங்கு வரும்வரை கையெழுத்திடும் எண்ணத்தோடுதான் எழுதினேன். ஆனால் இதைத் துறைத்தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தபோது அவர் கூறியது இது: “உங்களுக்கு வேண்டாம்னா எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அடுத்த ஆளுக்குப் போயிடும், அவ்வளவுதான்.” பட்டியலில் எனக்கு அடுத்தவர் என் ஜன்னலை வைத்திருப்பவர். நான் கையெழுத்திட்டால் இது எழுத்து மூலமான மறுப்பாகிவிடும். பாராட்டு என்னைத் தாண்டி நேராக அந்த ஜன்னலுக்குப் போய்ச் சேரும். கையெழுத்து இல்லாதவரை என் முறை என் முறையாகவே நிற்கும். தாங்கள் பட்டியலையே தூக்கி எறியும்வரை அதை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

என் மனைவி இதைப் படித்தாள். “ஒம்பது வருஷமா சாப்பாட்டு மேசையில அந்தம்மாவத் திட்டித் தீர்த்தீங்க. இப்ப என்ன, காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “கையெழுத்துப் போட்டா அவங்க உங்களுக்கு நன்றி சொல்ல வரணும். அந்தத் தொல்லைய ஏன் குடுக்கறீங்க?” என்றாள். அதுவும் சரியே.

மொட்டைக் கடிதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். யார் எழுதியது என்று கண்டுபிடிக்கத் தங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. கண்டுபிடிப்பதில் எனக்கு ஆட்சேபணையும் இல்லை. எழுத்து மூலம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். அதை அப்படியே விட்டு, இன்று நண்பகல் தபாலில் சேர்க்கிறேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

இடம்: மொட்டை மாடிப் படிக்கு அடியிலுள்ள அறை
தேதி: இம்மாதம் ஒன்பது, வெள்ளி

கையெழுத்து: ____________